மண், பணம், சாவி: உங்கள் பகுதியின் சபா, படிப்பகம், நூலகம், திடலின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

சென்னையின் பழைய பகுதிகளில் பத்து நிமிடம் நடந்தால் போதும், ஊர்க்காரர்கள் கூடி உருவாக்கிய ஏதாவது ஒன்று கண்ணில் படும். கிளை நூலகம், சபா, கொடிக்கம்பத்தடியில் ஒரு படிப்பகம், மாநகராட்சித் திடல், கோயில் குளம், உடற்பயிற்சிக் கூடம், சமுதாய நலக்கூடம். இவற்றைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் கட்டடக்கலையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்: யார் வரைபடம் போட்டார், எந்த ஆளுநர் திறந்துவைத்தார், தூண் எந்தப் பாணி. இதில் தப்பில்லை. ஆனால் ஒரு பொது இடம் ஏன் பிழைத்தது, ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பதற்கு இந்த விவரங்களில் பதில் கிடைக்காது. அதற்கு மூன்று கேள்விகள் போதும். மண் யாருடையது? பணம் எங்கிருந்து வருகிறது? சாவி யாரிடம் இருக்கிறது?

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே இருக்கும் விக்டோரியா பொது மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் சிஷோம் வடிவமைத்தார், நம்பெருமாள் செட்டி கட்டினார், 1880களில் எழுந்தது என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். நம் மூன்று கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். மண் நகராட்சியுடையது, 57 கிரவுண்டு, 99 ஆண்டுக் குத்தகை. பணம் விஜயநகரம் மகாராஜா உள்ளிட்ட சமஸ்தானத்தாரும் செல்வந்தர்களும் தந்தது. சாவி ஓர் அறக்கட்டளையிடம் இருந்தது. உள்ளே நாடகம் போட்டவர்களோ 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் தொடங்கிய சுகுண விலாச சபாக்காரர்கள். பதில்கள் ஒவ்வொன்றும் வேறு கைகளைக் காட்டுகின்றன. குத்தகை முடிந்ததும் அந்த மண்டபத்துக்கு என்ன ஆகும் என்பது குத்தகைப் பத்திரம் எழுதிய அன்றே பாதி தீர்மானமாகிவிட்டது.

உங்கள் தெருவில் இருப்பது இத்தனை பெரிய மண்டபமாக இருக்காது. வழிமுறை ஒன்றுதான்.

முதலில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

'வடசென்னையின் பண்பாட்டு நிறுவனங்கள்' என்று தலைப்பு வைத்துக்கொண்டு கிளம்பினால் பொதுவான பேச்சுதான் மிஞ்சும். ஒரே ஒரு படிப்பகம், ஒரே ஒரு சபா என்று பிடியுங்கள். ஒன்றை ஆழமாகத் தோண்டினால் பக்கத்தில் உள்ள நான்கும் தாமாக மேலே வரும், ஏனென்றால் ஒரே ஆட்கள்தான் நான்கு இடத்திலும் பொருளாளராக இருந்திருப்பார்கள்.

காகிதத்துக்கு முன்னால் சுவர்

ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் அந்த இடத்தை மூன்று வேளைகளில் பாருங்கள்: காலை, மதியம், இரவு. காலையில் நாளிதழ் படிக்கும் பெரியவர்களும், மதியம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், இரவு கேரம் ஆடும் இளைஞர்களும் ஒரே கூரையைப் பயன்படுத்தலாம்; ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாமல் இருக்கலாம். யார் வருகிறார்கள் என்பதோடு யார் வருவதே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் எந்த நேரத்திலாவது உள்ளே இருந்தார்களா?

பிறகு எழுத்து உள்ள எல்லாவற்றையும் படம் எடுங்கள். அடிக்கல், திறப்பு விழாக் கல்வெட்டு, தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டியதாகச் சொல்லும் பலகை (தொகை, ஆண்டு, உறுப்பினர் பெயர் மூன்றும் இருக்கும்), சுவரில் மாட்டிய முன்னாள் தலைவர்களின் படங்கள். 'உபயம்' என்று எழுதிய மின்விசிறி, பெஞ்சு, கடிகாரம், குழல்விளக்கு ஒன்றையும் விடாதீர்கள். மேலே சுழலும் விசிறியின் இறக்கையில் உள்ள பெயர், நன்கொடைப் பதிவேடு தொலைந்துபோன இடத்தில் ஒரே நன்கொடைப் பதிவேடு. மின்சார இணைப்பு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் பில் யார் பேரில் வருகிறது என்பது பல இடங்களில் சங்கத்தின் பெயர்ப் பலகையைவிட உண்மையானது.

கல்வெட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. திறந்தவர் பெயரை அது சொல்லும். உழைத்தவர் பெயரைச் சொல்லாது. தேதியும் ஒன்றுக்கு மேல் இருக்கும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1890இல், திறந்தது 1896 டிசம்பரில். எந்த ஆளுநரின் பெயரைத் தாங்குகிறதோ அந்தக் கன்னிமாரா பிரபு திறப்பு விழாவின்போது பதவியில் இல்லை. 'தொடங்கிய ஆண்டு' என்று ஒரே எண்ணை எழுதாமல், யோசனை, பதிவு, அடிக்கல், திறப்பு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். சிறிய சங்கங்களில் இந்த நான்குக்கும் இடையே பதினைந்து வருட இடைவெளிகூட இருக்கும்.

பழைய பெயர், பழைய எண்

இந்தப் பட்டியலைச் செய்யாமல் ஆவணம் தேடுவது நேரக் கேடு. சென்னையில் வீட்டுக்கு இரண்டு கதவு எண். தெருவுக்கு இரண்டு பெயர். மவுண்ட் ரோடு அண்ணா சாலையானது, எட்வர்டு எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையானது, மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையானது, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையானது. தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பெயர் நீக்கப்பட்டதால் பெயரின் வால் மட்டும் போன தெருக்களும் உண்டு. 2011இல் மாநகராட்சி விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின, 10 மண்டலங்கள் 15 ஆயின; ஆகவே 1990களின் தீர்மானத்தில் உள்ள வார்டு எண்ணை இன்றைய வரைபடத்தில் வைத்துத் தேடினால் வேறு பேட்டைக்குப் போய்ச் சேருவீர்கள்.

பழைய தெருப் பெயர்களே சில நேரம் ஆதாரம். மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணோம், லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கிருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். உங்கள் திடல் சுற்றுத் தெருக்களைவிடத் தாழ்வாக இருந்தால், அது முன்பு நீர்நிலையாக இருந்ததா என்று பார்ப்பது வீண் வேலை இல்லை.

மண்: இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்

நகர நில அளவைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையில் பிளாக் எண்ணையும் நகர நில அளவை எண்ணையும் கொடுத்தால் சாற்றுப்படி கிடைக்கும். எண் தெரியாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்கலாம். சாற்றில் உரிமையாளர் பெயரைவிட வகைப்பாட்டை முதலில் படியுங்கள். 'புறம்போக்கு' என்றால் எந்தப் புறம்போக்கு? நீர்நிலையா, பாதையா, மைதானமா? மாநகராட்சி நிலமா, கோயில் நிலமா, தனியார் பட்டாவா? வகைப்பாடு ஒன்றாகவும் பயன்பாடு வேறாகவும் இருந்தால், கதை அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து வில்லங்கச் சான்று. 1975 முதலான பதிவுகளைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சான்று வெறுமையாக வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். பதிவு செய்த விற்பனையோ அடமானமோ அந்தக் காலத்தில் நடக்கவில்லை என்பதும் ஒரு தகவல். நில எண்ணைத் தவறாகக் கொடுத்தாலும் வெறுமையாகத்தான் வரும் என்பதால் எண்ணை மறுபடி சரிபாருங்கள். தானப் பத்திரம், அறக்கட்டளைப் பத்திரம், குத்தகைப் பத்திரம் எதன் எண்ணாவது தென்பட்டால் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். தானப் பத்திரத்தில் 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

புதிய குடியிருப்புப் பகுதிகளில் பூங்காவும் திடலும் வேறு வழியாக வந்தவை. பெரிய மனைப்பிரிவு போடுபவர், பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும் என்பது விதி. அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கி, அதில் 'பூங்கா' என்று குறித்த இடத்தில் இன்று நின்று பாருங்கள். பூங்காவே இருந்தால் நல்லது. கல்யாண மண்டபமோ கார் நிறுத்தமோ இருந்தால், தானப் பத்திரம் பதிவானதா என்பதே அடுத்த கேள்வி.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு சுரங்கம் நீதிமன்றத் தீர்ப்புகள். மன்றம், அறக்கட்டளை, மைதானம் பற்றிய வழக்காக இருந்தால் தீர்ப்பின் முதல் சில பத்திகளில் வழக்கின் பின்னணியாக அந்த நிறுவனத்தின் முழு வரலாறும் தேதி வாரியாக இருக்கும். இரு தரப்பும் சொன்னவை அவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 'மனுதாரர் கூற்று' என்பதை வரலாற்று உண்மையாக எழுதிவிட்ட கட்டுரைகள் நிறைய உலவுகின்றன.

பணம்

இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அரசு நூலகம் என்றால் வழி தெளிவு. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம். அதன் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நீண்ட முயற்சி இருக்கிறது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. மாநகராட்சி வசூலிக்கும், நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். எனவே கேட்க வேண்டியவை இரண்டு எண்கள்: வசூலானது எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு. அடுத்து, கிளை நூலகம் இயங்கும் கட்டடம் சொந்தமா, வாடகையா, நன்கொடையாளர் தந்ததா என்று பாருங்கள். நுழைவாயிலில் புரவலர் பட்டியல் மாட்டியிருந்தால் அதையும் படம் எடுங்கள். எந்த வருடத்தில் புரவலர்கள் குவிந்தார்கள், எந்த வருடத்தோடு பெயர்கள் நின்றுபோயின என்பது அந்த வட்டாரத்தின் வளமான காலத்தைச் சொல்லிவிடும்.

சங்கமாகப் பதிவானதென்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். பழையவை 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்தவை, பிந்தியவை 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். துணைவிதிகள், ஆண்டுதோறும் தாக்கல் செய்த நிர்வாகிகள் பட்டியல், வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். துணைவிதியில் உறுப்பினர் தகுதியைப் படியுங்கள். 'பொது' என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே இன்ன ஊரார், இன்ன சமூகத்தார் மட்டும் என்று எழுதியவை உண்டு.

சபாக்களுக்கு விழா மலரைவிட நல்ல ஆதாரம் இல்லை. மலரில் வாழ்த்துரைகளைத் தாண்டி நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். விளம்பரம் கொடுத்த கடைகள், ஆயுள் சந்தாதாரர் பட்டியல், பொருளாளர் அறிக்கை. ரசிகர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், எந்த வங்கி, எந்த ஜவுளிக்கடை தாங்கிப் பிடித்தது என்பது அங்கே தெரியும். ஒரு நிறுவனம் எதைப் பார்த்து, எதை மறுத்துப் பிறந்தது என்பதையும் கேளுங்கள். 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. மேடையில் தமிழ்ப் பாடலுக்கு இடமில்லை என்ற குறை முற்றி, ராஜா அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. ஒன்றின் மலரைப் படிக்காமல் மற்றதன் மலர் முழுதாக விளங்காது.

காப்பகமும் நூலகமும்

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. கையில் அடையாள அட்டையும், முடிந்தால் ஒரு கல்லூரி அல்லது நிறுவனத்தின் அறிமுகக் கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'மயிலாப்பூர் நூலகம் பற்றி ஏதாவது' என்று கேட்டுப் பயனில்லை. அரசாணை எண், நாள், துறை மூன்றும் வேண்டும். அதை ஆண்டுவாரியான துறைக் குறியீட்டுத் தொகுதிகளில் நீங்களேதான் கண்டெடுக்க வேண்டும். நகர விஷயங்கள் பழைய காலத்தில் 'லோக்கல் அண்ட் முனிசிபல்' துறையில் இருக்கும். கல்வி, பொதுப்பணி, வருவாய்த் துறைகளிலும் சிதறிக் கிடக்கும். ஓர் அரசாணை கிடைத்தால் அதன் ஓரத்தில் முந்தைய அரசாணையின் எண் இருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். தமிழ்ப் பத்திரிகைச் செய்திகளை ஆங்கில அரசுக்காக வாராவாரம் சுருக்கிய அறிக்கைகளும் உண்டு. மூலப் பத்திரிகை அழிந்துபோன இடத்தில் அவை கைகொடுக்கும்.

கன்னிமாரா, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நூலகங்களில் ஒன்று. ஆனால் தெருச் சங்கத்தின் வெள்ளி விழா மலரை யாரும் அங்கே அனுப்பியிருக்க மாட்டார்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்த வகைத் துண்டுக் காகிதங்களுக்குச் சிறந்த இடம்: நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், சிற்றிதழ்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒருவரே சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவான நூலகம் அது. பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்கு மறைமலை அடிகள் நூலகத்தையும் பாருங்கள். வீட்டிலிருந்தே தொடங்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

அதிகம் பேர் தொடாத ஒன்று: மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள். நகர விவரப் பகுதியில் நூலகம், படிப்பகம், திரையரங்கு, கலையரங்கு எத்தனை என்று ஊர்வாரியாக இருக்கும். பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஒப்பிட்டால் ஒரு நகரம் எதைச் சேர்த்தது, எதை இழந்தது என்பது தெரியும். மதுரை, கோவை, சேலம் பற்றி எழுதுபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

காகிதமே இல்லாத இடம்

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் காசும் ஆங்கிலமும் இருந்தவர்களின் நிறுவனங்களுக்குப் பொருந்தும். பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்துப் படிப்பகத்துக்கும் குத்துச்சண்டைக் கூடத்துக்கும் மலர் கிடையாது. பதிவு இருந்தாலும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய வட்டாரம் அது. ஒருவர் நாளிதழைச் சத்தமாகப் படிக்கச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்டு வளர்ந்த அரசியல் அங்கே உண்டு. ஆவணம் இல்லை என்பதற்காக அதை 'முறைசாரா' என்ற ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். முறை இருந்தது; அதை எழுதிவைக்க ஆள் வைத்துக்கொள்ள வசதி இல்லை.

இங்கே ஆட்கள்தான் ஆவணம். தலைவரிடம் கடைசியாகப் போங்கள். முதலில் வாட்ச்மேன், மைக் செட்காரர், பேப்பர் போடுபவர், எதிர் டீக்கடைக்காரர், சபாவாக இருந்தால் கேண்டீன்காரர். இவர்களுக்குத்தான் எந்த ஆண்டு கூட்டம் வந்தது, எந்த ஆண்டு விளக்கணைந்தது என்று தெரியும். 'எந்த வருஷம் ஆரம்பிச்சாங்க?' என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. 'எம்.ஜி.ஆர். இறந்தப்போ இந்த ஷெட் இருந்துச்சாண்ணே?' என்று கேட்டுப் பாருங்கள், 1987 டிசம்பருக்கு முன்னா பின்னா என்று உடனே விடை வரும். 1967 தேர்தல், இந்திரா காந்தி கொலையான 1984 அக்டோபர், 2004 சுனாமி, 2015 வெள்ளம் இவற்றோடு அவர் வீட்டுக் கல்யாணம், பிள்ளை பிறந்த வருடம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு காலக்கோடு வரைந்து கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்விகள் செயலைப் பற்றியதாக இருக்கட்டும். சந்தா எவ்வளவு, யார் வசூலிப்பார்? எந்தப் பேப்பர் வாங்குவீர்கள், எதை வாங்க மாட்டீர்கள்? சண்டை வந்தால் யார் சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள்? அந்தத் தெரு வரைக்கும் வருவார்களா, இந்தத் தெருக்காரர்கள் மட்டும்தானா? சாதி பற்றி நேராகக் கேட்டால் 'அதெல்லாம் இங்க இல்லப்பா' என்ற பதில்தான் வரும். டீம் எடுக்கும்போது யார் யார் ஒன்றாக ஆடினார்கள், தண்ணீர் எங்கே குடித்தார்கள் என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். உள்ளே போயே இராத இடத்தைப் பற்றி அவர்களுக்குத் தெளிவான கருத்து இருக்கும்.

பதிவு செய்யும் முன் அனுமதி வாங்குங்கள். கோஷ்டிப் பிணக்கு இல்லாத சங்கம் அபூர்வம். முதலில் தேடி வந்து உதவுபவர் பெரும்பாலும் தோற்ற அணியைச் சேர்ந்தவராக இருப்பார். அவர் தரும் ஆவணங்களை வாங்கிக்கொள்ளுங்கள், முடிவுகளை வாங்காதீர்கள். பொதுப் பொறுப்பில் இல்லாதவர் பெயரை அவர் சம்மதமின்றி எழுத வேண்டாம். நிலத் தகராறு நடக்கும் இடத்தில் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம் அவருக்கே வினையாகலாம்.

தகவல் உரிமை மனு: கடைசியில், சுருக்கமாக

பலர் இதை முதலில் போட்டுவிட்டு, 'தகவல் இல்லை' என்ற பதிலோடு நின்றுவிடுகிறார்கள். நில அளவை எண், பத்திர எண், தீர்மானத்தின் உத்தேச ஆண்டு இவை கைக்கு வந்த பிறகு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான காலம் 30 நாள். 'ஏன் பராமரிக்கவில்லை?' என்று காரணம் கேட்டால் பதில் வராது. பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

'இன்ன மண்டலம், இன்ன வார்டு, நகர நில அளவை எண் இன்னதில் அமைந்துள்ள கட்டடம் குறித்து: 1) குத்தகை அல்லது ஒப்படைப்பு உத்தரவின் நகல், 2) அதற்கான மன்றத் தீர்மானத்தின் எண், நாள், நகல், 3) கடந்த 5 நிதியாண்டுகளின் பராமரிப்புச் செலவுப் பதிவேட்டின் நகல், 4) மேற்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.'

நான்காவதை விடாதீர்கள். நகலாக வரும் பத்துப் பக்கத்தைவிட, கோப்பை நேரில் புரட்டும் ஒரு மணி நேரத்தில் அதிகம் கிடைக்கும். பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எழுதும்போதும் பிறகும்

ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு குறி போடுங்கள்: கல்வெட்டு, பத்திரம், மலர், வாய்மொழி. இரண்டு வகையில் உறுதியானதைத் துணிந்து எழுதலாம். ஒரே வாய்மொழியில் வந்ததை 'என்று சொல்கிறார்கள்' என்றே எழுதுங்கள். இரண்டு தேதி மோதினால் இரண்டையும் கொடுங்கள். அழகான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கையில் கிடைக்கும் மினிட்ஸ் புத்தகம், ரசீதுக் கட்டை, அழைப்பிதழ், குழுப் படம் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே வைத்து, சன்னல் வெளிச்சத்தில், அட்டையிலிருந்து அட்டை வரை வரிசையாகப் படம் எடுத்து, கோப்பின் பெயரில் ஆண்டையும் பக்க எண்ணையும் போடுங்கள். ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது ஊருக்கு வெளியே ஒரு நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ. படங்களில் இருப்பவர்களின் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டு இடமிருந்து வலமாக அந்த வாரமே எழுதிவிடுங்கள்.